பேட்மேன் யாரையும் வெல்வாரா? காமிக்ஸ் உலகில் பெயர்கள் ஊதிப் பெருக்கும் விதம்

பினாங்கில் டியூஷன் முடிந்து ரொட்டி சானாய் கடையில் உட்காரும் மாணவர்களிடமும், கோலாலம்பூரில் காமிக் ஃபியெஸ்தா நடக்கும் நாளில் வரிசையில் நிற்கும் இளைஞர்களிடமும் ஒரே வகைப் பேச்சைக் கேட்கலாம். "தயாராக நேரம் கொடுத்தால் பேட்மேன் யாரையும் வீழ்த்திவிடுவார்." "அக்வாமேன் மீனோடு பேசுவதைத் தவிர எதற்கும் உதவாதவர்." "மார்வெல் நாயகர்களை எல்லாம் ஸ்டேன் லீ ஒருவரே படைத்தார்." உடனே பக்கத்து மேசையிலிருந்து மறுப்பு வரும்: "அவர் எதையுமே படைக்கவில்லை, மற்றவர்கள் உழைப்பில் பெயர் வாங்கினார்."

இந்த நான்கையும் ரசிகர்களின் புளுகு என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அடியில் ஓர் உண்மை இருக்கிறது. அந்த உண்மை எப்படி இவ்வளவு பெரிதாக வீங்குகிறது என்பதைப் புரிந்துகொண்டால் காமிக்ஸ் என்ற கலை எப்படி உருவாகிறது என்பதும் புரிந்துவிடும். காமிக்ஸைப் படிக்காமலேயே பெயர்களை மட்டும் கேட்டு வளரும் பிள்ளைகள் இப்போது அதிகம். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

பாம்பு பிடித்த மாமா

கெடாவிலோ பேராக்கிலோ ரப்பர் தோட்டத்தில் வேர் உள்ள குடும்பங்களில் இப்படி ஒரு மாமா கதை இருக்கும். ஒருநாள் லயத்துக்குப் பின்னால் மலைப்பாம்பு வந்துவிட்டது. மாமாவும் இன்னும் நான்கு பேரும் சாக்கு, கயிறு சகிதம் போய் அதைப் பிடித்தார்கள். பாம்பு அப்போதுதான் ஒரு கோழியை விழுங்கியிருந்ததால் நகர முடியாமல் கிடந்தது.

இந்தக் கதையைக் கல்யாண வீடுகளில் சொல்லச் சொல்ல, முதலில் கோழி காணாமல் போகும். பிறகு கயிறும் சாக்கும் போகும். அதன்பின் அந்த நான்கு பேரும் போய்விடுவார்கள். கடைசியில் மிஞ்சுவது 'மலைப்பாம்பை வெறுங்கையால் பிடித்த மாமா'. இதில் யாரும் எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாமா பாம்பைப் பிடித்தது உண்மைதான். சுற்றியிருந்த நிலைமைகள்தாம் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. இதைச் சூழல் உதிர்தல் என்று வைத்துக்கொள்வோம்.

ஆனால் மாமாவுக்கு ஓர் ஆயுள்தான். காமிக்ஸ் நாயகருக்கு அப்படியில்லை.

பல நூறு கைகள் எழுதிய ஒரே ஆள்

சூப்பர்மேன் 1938இல் வந்தார், பேட்மேன் 1939இல். அன்றிலிருந்து இன்றுவரை இருவரின் கதைகளும் நிற்கவில்லை. எழுத்தாளர்கள் மாறினார்கள், ஓவியர்கள் மாறினார்கள், ஆசிரியர்கள் மாறினார்கள். ஒவ்வொருவரும் தம் கதைக்குத் தேவையான அளவு பலத்தை நாயகருக்குக் கொடுத்தார்கள். ஒரு கதையில் சாதாரண ரௌடியின் தடியடியில் மயங்கி விழுபவர், வேறொருவர் எழுதும் இன்னொரு கதையில் வேற்றுக்கிரகப் படையையே தடுத்து நிறுத்துவார்.

முதல் இதழில் வந்த சூப்பர்மேனுக்குப் பறக்கத் தெரியாது. ஒரே தாவலில் மைலில் எட்டில் ஒரு பங்கு, அதாவது சுமார் 200 மீட்டர் தாண்டுவார், அவ்வளவுதான். பறப்பது பின்னால்தான் வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் கிரகங்களையே தள்ளி நகர்த்தும் அளவுக்கு அவர் வலிமை ஏறியது. எதிரியாக யாரை நிறுத்துவது என்று எழுத்தாளர்கள் திண்டாடும் நிலை வந்தபோது, 1986இல் ஜான் பைர்ன் அவர் கதையை முதலிலிருந்து மறுபடி எழுதி வலிமையைக் குறைத்தார். இப்படிப் பழைய கணக்கை மூடிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதற்கு ரீபூட் என்று பெயர்.

இப்போது வாதம் நடக்கும் மேசைக்கு வருவோம். சூப்பர்மேனுக்காக வாதாடுபவர் எந்தக் கதையை எடுப்பார்? எண்பது ஆண்டுக்கும் மேற்பட்ட குவியலில் எந்தக் கதையில் அவர் மிகப் பெரிதாக ஏதாவது செய்தாரோ, அதைத்தான். 1960களின் ஒரு கதையிலிருந்து ஒரு சாதனை, 1990களிலிருந்து இன்னொன்று, போன ஆண்டிலிருந்து மூன்றாவது. எல்லாவற்றையும் ஒரே ஆளின் கணக்கில் வரவு வைப்பார். அந்தச் சாதனைகள் எல்லாவற்றையும் ஒருசேரச் செய்த சூப்பர்மேன் எந்த இதழிலும் இல்லை. குவியலிலிருந்து உச்சங்களை மட்டும் பொறுக்கி ஒட்டிய உருவம் அது. இதற்கு உச்சத் தேர்வு என்று பெயர் வைக்கிறேன். காமிக்ஸ் புகழின் இயந்திரம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது இதுதான். கதைகள் கூடக் கூட உச்சமும் ஏறும், ஏனென்றால் புதிய உச்சம் வந்தால் சேர்ந்துகொள்ளும். சாதாரணக் கதை ஆயிரம் வந்தாலும் யாரும் எடுத்துப் பேச மாட்டார்கள்.

பேட்மேன் சூப்பர்மேனை அடித்த கதை

உச்சத் தேர்வும் சூழல் உதிர்தலும் கைகோத்து வேலை செய்வதைப் பார்க்க இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைக்காது. "பேட்மேன் சூப்பர்மேனையே அடித்தவர்" என்று சொல்பவர்கள் பெரும்பாலும் மனதில் வைத்திருப்பது 1986இல் ஃபிராங்க் மில்லர் எழுதி வரைந்த 'தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்' தொடரின் இறுதிச் சண்டையை.

அந்தச் சண்டையில் என்ன நடக்கிறது? அதற்குச் சற்று முன்புதான் சூப்பர்மேன் ஓர் அணு ஏவுகணையின் வெடிப்பில் சிக்கி, எலும்பும் தோலுமாகச் சுருங்கி, பிழைத்து எழுந்திருக்கிறார். பேட்மேன் அணிந்திருக்கும் கவசம் நகரத்தின் மின்சாரத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறது. ஒரு கையை இழந்த முதியவரான கிரீன் ஏரோ, நாணைப் பல்லால் கடித்து இழுத்து, சூப்பர்மேனின் பலத்தைக் குறைக்கும் கிரிப்டோனைட் பொருத்திய அம்பை எய்கிறார். சூப்பர்மேனோ தன் பழைய நண்பரைக் கொல்ல மனமில்லாமல் பேசிக்கொண்டே சண்டை போடுகிறார். இத்தனைக்கும் பிறகு பேட்மேனின் இதயம் நின்று அவர் சரிந்து விழுகிறார். அந்த மரணம் அவரே திட்டமிட்ட நாடகம் என்பது பின்னால் தெரிகிறது.

படித்தவர்களுக்கு இது இரண்டு முதியவர்களின் துயரக் கதை. கேட்டவர்களுக்கு மிஞ்சுவது ஒரு வரி. ஏவுகணை போயிற்று, அம்பு போயிற்று, மின்சாரம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று: இந்தக் கதை வழக்கமான பேட்மேன் வரிசைக்கு வெளியே, ஒரு கற்பனை எதிர்காலத்தில் நடப்பது. ஒரு நிறுவனம் 'எங்கள் நாயகரின் வாழ்வில் இவையெல்லாம் நடந்தவை' என்று ஏற்கும் கதைகளின் தொகுப்பைக் கேனன் என்பார்கள். உச்சத் தேர்வு செய்பவருக்குக் கேனன் பற்றிய கவலை இருப்பதில்லை.

எதிர்ச் சான்றுகள் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கின்றன. 1993இல் பேன் என்ற வில்லன் பேட்மேனைத் தூக்கித் தன் முழங்காலில் போட்டு முதுகை ஒடித்தான். வரிசைக் கதையிலேயே நடந்தது. பல மாதங்கள் வேறொருவர் பேட்மேன் உடையில் திரிந்தார். 'யாரையும் கொல்லாதவர்' என்ற பெயரும் அவருக்குப் பிறப்பிலேயே வந்ததல்ல. 1940இல் வந்த ஒரு கதையில் அவர் விமானத்திலிருந்து இயந்திரத் துப்பாக்கியால் சுடுகிறார். அதன்பிறகுதான் பதிப்பகத்தின் ஆசிரியர் விட்னி எல்ஸ்வொர்த் கொலை கூடாது என்று கட்டளையிட்டார்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான். நீண்ட தொடரில் கதைகள் குவிகின்றன, ரசிகர்கள் அவற்றில் உச்சத்தை எடுக்கிறார்கள், எடுக்கும்போது சூழல் உதிர்கிறது. பொய் என்று ஒரு வார்த்தை கூடச் சொல்லாமலே ஒரு மனிதரைக் கடவுளாக்கிவிடலாம்.

கீழ்நோக்கியும் இதே வேலை நடக்கும்

அக்வாமேன் 1941இல் பிறந்தவர். கடலுக்கடியில் ஒரு பேரரசின் மன்னர் என்று பின்னர் வளர்த்தெடுக்கப்பட்டார். அவருக்கு 'உதவாக்கரை' என்ற பெயர் ஒட்டியதில் பெரும்பங்கு 1973இல் தொடங்கிய 'சூப்பர் ஃபிரெண்ட்ஸ்' என்ற தொலைக்காட்சி கார்ட்டூனுக்கு உண்டு. சிறுவர்களுக்கான நிகழ்ச்சி என்பதால் அதில் அடிதடிக்குக் கட்டுப்பாடு இருந்தது. சூப்பர்மேன் பக்கத்தில் நிற்கும்போது அக்வாமேனுக்குத் தனியாக என்ன வேலை கொடுப்பது? எங்காவது தண்ணீர் குறுக்கிட வேண்டும், அவர் மீன்களை அழைக்க வேண்டும். அடுத்த அத்தியாயத்திலும் மறுபடி தண்ணீர், மறுபடி மீன்.

ஒரு பாத்திரத்தின் பல குணங்களில் கண்ணில் எளிதாகப் படும் ஒன்றை மட்டும் அடுத்தடுத்து வருபவர்கள் எடுத்துப் பெருக்கிக்கொண்டே போக, கடைசியில் அந்தக் குணமே ஆளாகிவிடுவதை ஒற்றைக் குணப் பெருக்கம் எனலாம். காமிக்ஸிலிருந்து தொலைக்காட்சிக்கோ சினிமாவுக்கோ போகும்போது இது வேகம் பிடிக்கும். அங்கே நேரம் குறைவு, ஆட்கள் அதிகம், ஆளுக்கு ஒரு குணத்துக்குத்தான் இடமிருக்கும். காமிக்ஸைத் தொட்டே பார்க்காத கோடிக்கணக்கான பேர் அந்த ஒற்றைக் குணத்தைத்தான் பார்க்கிறார்கள்.

2011இல் ஜெஃப் ஜான்ஸ் எழுதி இவான் ரீஸ் வரைந்த அக்வாமேன் முதல் இதழ் இந்தக் கெட்ட பெயரைக் கதைக்குள்ளேயே கொண்டுவந்தது. அக்வாமேன் ஒரு கடலுணவுக் கடையில் போய் அமர்ந்து பொரித்த மீன் கேட்கிறார். பரிமாற வந்தவர் திகைக்கிறார். பக்கத்தில் இருப்பவர்கள் தலையைத் திருப்புகிறார்கள். நீங்கள் மீனோடு பேசுபவர் ஆயிற்றே! நான் மீனோடு பேசுவதில்லை என்கிறார் அவர். பேச்சு நடத்தும் அளவுக்கு அவற்றுக்கு மூளை இல்லை, மனத்தால் ஏவுகிறேன், அவ்வளவுதான். யாருக்குமே பிடிக்காத நாயகராக இருப்பது எப்படி இருக்கிறது என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்கிறார். ஒட்டிய பெயரை மறைக்காமல் மேசையில் எடுத்து வைத்த அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடித்தது. 2018இல் வந்த அக்வாமேன் திரைப்படம் உலக அளவில் 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்தபின் பழைய கேலி வெகுவாக அடங்கிவிட்டது.

எல்லா மிகையும் தானாக முளைப்பதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். தமிழ் வாசகர்கள் கொண்டாடும் லக்கி லுக் 'தன் நிழலைவிட வேகமாகச் சுடுபவர்'. நிழல் துப்பாக்கியை எடுக்கும் முன்பே அவர் அதன் வயிற்றில் துளை போட்டுவிடும் படத்தை ஆல்பங்களின் பின்னட்டையில் பார்த்திருப்பீர்கள். அது பெல்ஜியம் ஓவியர் மோரிஸின் தொடருக்கே உரிய முத்திரை, தெரிந்தே செய்த மிகை. அதை யாரும் தவறாகப் புரிந்துகொள்வதில்லை.

படைத்தவர்களுக்கு வரும் பெயர்

நாயகரின் பெயர் வீங்கினால் யாருக்கும் நட்டமில்லை. படைப்பாளியின் பெயர் வீங்கினால் பக்கத்தில் இருந்தவரின் வயிற்றில் அடி விழும். அதனால்தான் இந்தப் பகுதி எனக்கு முக்கியம்.

பேட்மேனை உருவாக்கியவர் பாப் கேன் என்றே பல பத்தாண்டுகள் அச்சிட்டார்கள். கேன் முதலில் வரைந்த உருவத்துக்குச் சிவப்பு உடை, கண்ணை மட்டும் மறைக்கும் சிறு முகமூடி, விறைப்பான இறக்கைகள். அதைச் சாம்பல் நிறமாக்கி, தலையை மூடும் முகமூடி கொடுத்து, இறக்கைகளை அங்கியாக மாற்றச் சொன்னவர் எழுத்தாளர் பில் ஃபிங்கர். புரூஸ் வெய்ன் என்ற பெயரும் காத்தம் நகரின் பெயரும் அவர் தந்தவை. ஆனால் பதிப்பகத்தோடு ஒப்பந்தம் போட்டவர் கேன். படைத்தவர் என்ற இடத்தில் அவர் பெயர் மட்டுமே வந்தது. ஃபிங்கர் 1974இல் இறந்தார். அவர் பெயரும் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது 2015இல்தான். ஊதிப் பெருத்த ஒரு பெயரின் பின்னால் இங்கே இருந்தது ரசிகர்களின் வாய்ப்பேச்சு அல்ல, ஒரு காகிதத்தின் ஷரத்து.

ஸ்டேன் லீயின் கதை இன்னும் சிக்கலானது. 1960களின் மார்வெல், மார்வெல் முறை என்று பெயர் பெற்ற வழியில் வேலை செய்தது. முழுக் கதைவசனம் எழுதி ஓவியரிடம் தருவதற்குப் பதிலாக, எழுத்தாளர் கதையின் போக்கை மட்டும் சொல்வார். ஓவியர் காட்சிகளைப் பிரித்து, சம்பவங்களைக் கோத்து, முழுக் கதையையும் வரைந்து முடிப்பார். அதன்பின் எழுத்தாளர் வசனம் சேர்ப்பார். இப்படி உருவான கதையில் எது யாருடையது?

1966இல் வந்த ஃபென்டாஸ்டிக் ஃபோர் 48ஆம் இதழைப் பாருங்கள். கிரகங்களை விழுங்கும் கேலக்டஸ் பற்றிய கதை என்று பேசிக்கொண்டதோடு சரி. ஜேக் கிர்பி வரைந்து கொண்டுவந்த பக்கங்களில் பளபளவென்று வெள்ளி உடலோடு ஒருவன் அலைச்சறுக்குப் பலகையில் வானில் மிதந்துகொண்டிருந்தான். யார் இது என்று லீ கேட்க வேண்டியிருந்தது. அவ்வளவு பெரியவனுக்கு ஒரு தூதன் இருக்க வேண்டாமா என்று கிர்பி சேர்த்தவன்தான் சில்வர் சர்ஃபர். அவனுக்கு அந்தத் தத்துவம் தோய்ந்த பேச்சைக் கொடுத்தவர் லீ. ஒருவர் உடலைத் தந்தார், ஒருவர் குரலைத் தந்தார்.

அப்படியிருக்க லீ மட்டும் எப்படி ஊரறிந்த முகமானார்? அவர் எழுத்தாளர் மட்டுமல்ல, ஆசிரியரும்கூட. வாசகர் கடிதங்களுக்குப் பதில் எழுதியவர், முதல் பக்கத்தின் பெயர்ப்பட்டியலில் தனக்கும் மற்றவர்களுக்கும் செல்லப் பெயர் சூட்டியவர், கல்லூரிகளில் போய்ப் பேசியவர், பின்னாளில் படங்களில் ஒரு கணம் தலைகாட்டியவர். ஸ்பைடர்மேனை அவரோடு சேர்ந்து படைத்த ஸ்டீவ் டிட்கோவோ பல பத்தாண்டுகள் பேட்டியே கொடுக்காமல் வாழ்ந்தவர். செய்தியாளருக்கு யார் கிடைப்பாரோ அவர் பெயர்தான் செய்தியில் வரும்.

கிர்பியின் குடும்பம் தொடுத்த உரிமை வழக்கு 2014இல் சமரசத்தில் முடிந்தபின் அவர் பெயருக்கு உரிய இடம் கிடைக்கத் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் அதே வேகத்தில் 'லீ ஒன்றுமே செய்யவில்லை' என்ற எதிர்ப்பேச்சும் வளர்ந்தது. இதுவும் உச்சத் தேர்வே, திசைதான் வேறு. முதல் பேச்சு கிர்பியை அழித்தது, இரண்டாவது பேச்சு லீயை அழிக்கிறது. மார்வெல் முறை என்றால் என்னவென்று தெரிந்தவர் இரண்டையும் சொல்ல மாட்டார்.

சுருக்கமாக: படைப்பாளியின் பெயர் பெரிதாவது பெரும்பாலும் ஒப்பந்தத்தாலும், யார் மேடையில் நின்றார் என்பதாலும். திறமை மூன்றாவதாகத்தான் வருகிறது.

குறையும் இதே வழியில் வீங்கும். 1996இல் ராப் லைஃபெல்ட் வரைந்த ஒரு கேப்டன் அமெரிக்கா விளம்பரப் படத்தில் மார்பு மலைபோலப் புடைத்திருக்கும். அந்த ஒரு படத்தையும், பாதங்களை அடிக்கடி மறைத்து வரைவதையும் வைத்து 'வரையவே தெரியாதவர்' என்று மீம்கள் பரவிவிட்டன. கேபிள், டெட்பூல் ஆகியோரை உருவாக்கியதில் அவர் பங்கு, படைப்பாளிகளே உரிமை வைத்துக்கொள்ளும் இமேஜ் காமிக்ஸை 1992இல் சக ஓவியர்களோடு தொடங்கியது, இவை மீமுக்குள் அடங்குவதில்லை. 'வாட்ச்மென்' காமிக்ஸை எழுதிய ஆலன் மூர் 'எல்லாரையும் வெறுக்கும் சிடுமூஞ்சிக் கிழவர்' என்று பெயர் வாங்கியதற்குப் பின்னாலும் ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. 'வாட்ச்மென்' அச்சில் இல்லாமல் போனால் உரிமை படைப்பாளிகளுக்குத் திரும்பும் என்பது நிபந்தனை. நூல் இன்றுவரை அச்சில் இருந்துகொண்டே இருக்கிறது. உரிமை திரும்பவே இல்லை. காரணம் உதிர்ந்து கோபம் மட்டும் மிஞ்சினால் யாரும் சிடுமூஞ்சியாகத்தான் தெரிவார்.

கம்பத்துப் பையன் யார்?

நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு, மிக இனிய வகையில். லாட் என்ற பெயரில் வரையும் டத்தோ முகமட் நோர் காலிட் 1951இல் பேராக்கில் பிறந்தவர். 1979இல் வந்த அவருடைய 'கம்போங் பாய்' நூலைப் படித்தவர்களுக்கு லாட் என்றால் பரட்டைத் தலையும் உருண்டை மூக்குமாக ஆற்றில் குதிக்கும் கம்பத்துப் பையன்தான். சந்தித்தால் அந்தப் பையன்தான் வந்து நிற்பான் என்பதுபோலப் பலரும் பேசுவதைக் கேட்டிருக்கிறேன்.

உண்மையில் அவர் அந்த நூலை வரைந்தபோது தலைநகரில் பல ஆண்டுகள் இருந்த பத்திரிகைக்காரர். குற்றச் செய்தி நிருபராக வேலை பார்த்தவர். பதின்ம வயதிலேயே படம் விற்றவர். மலாய்க்காரர், சீனர், தமிழர், பஞ்சாபியர் என்று ஒவ்வொருவரின் நடையையும் உடையையும் கல்யாணச் சடங்கையும் அவர் பிடித்த துல்லியம், தெருத்தெருவாக அலைந்து பழகிய நிருபரின் கண்ணுக்கு உரியது. தன் வரலாற்றை வரைபவருக்கு எப்போதும் இது நடக்கும்: தான் வரைந்த உருவம் தன்னை விழுங்கிவிடும். வெகுளி என்ற புகழ் அன்பால் வந்ததுதான், ஆனாலும் அது அவர் உழைப்பை மறைத்துவிடுகிறது.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

யாராவது ஒரு பெரிய பேச்சுப் பேசினால், எந்த இதழ், எந்த ஆண்டு, யார் எழுதியது என்று கேளுங்கள். சண்டைக்காகக் கேட்க வேண்டாம், தேடிப் படிப்பதற்காகக் கேளுங்கள். பினாங்கில் சௌராஸ்தா சந்தையின் மேல்தளத்தில் இருக்கும் பழைய புத்தகக் கடைகளில் இதற்காக ஒரு மதியத்தைச் செலவழிக்கலாம். பேச்சில் கேட்டதற்கும் பக்கத்தில் இருப்பதற்கும் உள்ள தூரம் அங்கே தெரியும்.

நமக்கு மிக நெருக்கமானவரை வைத்தே தொடங்கலாம். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவர் இரும்புக்கை மாயாவி. அவரோடு வளர்ந்த பெரியவர்களிடம் கேட்டால், நினைத்தபோது மறையக்கூடியவர், வெல்ல முடியாதவர், அநீதியைக் கண்டால் பொறுக்காதவர் என்பார்கள். மூலக் கதை 1962இல் பிரிட்டனின் வேலியன்ட் வார இதழில் தொடங்கியது. அதில் மாயாவியான லூயிஸ் கிராண்டேல் ஓர் ஆய்வக உதவியாளர். வலது கையை இழந்து இரும்புக் கை பொருத்திக்கொண்டவர். நினைத்தவுடன் மறைய அவரால் முடியாது. உடலில் மின்சாரம் பாய வேண்டும். அப்படி மறைந்தாலும் கை மறையாது. கட்டத்தில் ஆளே இருக்க மாட்டார், கதவின் பிடியை நோக்கி ஓர் இரும்புக் கை மட்டும் காற்றில் நீண்டிருக்கும். பார்ப்பவனுக்கு ஒருபுறம் பயம், கிராண்டேலுக்கு மறுபுறம் பிடிபடும் ஆபத்து. அதைவிட முக்கியமானது, தொடக்கக் கதையில் அவர் நாயகரே அல்ல. கிடைத்த சக்தியைக் கொள்ளைக்கும் மிரட்டலுக்கும் பயன்படுத்துகிறார். உளவுத்துறைக்காக உழைக்கும் நல்லவராக மாறியது பின்னால்.

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வார இதழ்கள் படைத்தவர்களின் பெயரைப் பொதுவாக அச்சிடுவதில்லை. அதனால் மாயாவியின் பெயர் இவ்வளவு வளர்ந்தும், அவரை முதலில் எழுதிய கென் பல்மரும், காற்றில் மிதக்கும் அந்தக் கையை வரைந்த ஸ்பெயின் ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோவும் நம் வீடுகளில் அறிமுகமாகவே இல்லை. அடுத்தமுறை பிள்ளைகளுக்கு மாயாவியைக் கொடுக்கும்போது இந்த இரண்டு பெயர்களையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.